மவுசருக்குப் பெயர் உண்டு, நாட்டுத் துப்பாக்கிக்கு?

பழைய ராணுவ மவுசரையோ ஸ்ப்ரிங்ஃபீல்டையோ வாங்கி, போல்ட் இருக்கும் நடுப்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, புதுக் குழலும் வால்நட் மரக் கட்டையும் பொருத்தி வேட்டை ரைஃபிளாக மாற்றுவார்கள். இரண்டு உலகப் போர்களுக்குப் பிறகும் அமெரிக்காவில் இது பெரிய கைத்தொழிலாக இருந்தது. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் கட்டையின் மர ரேகைக்கே ஒரு பத்தி ஒதுக்குவாங்க. அந்தத் துப்பாக்கி யார் கையில் இருக்கலாம், யார் கையில் இருக்கக் கூடாது என்ற பேச்சே வராது. கள்ளக்குறிச்சிப் பக்கம் இருந்துகொண்டு படிக்கும்போது அந்த விடுபடல்தான் முதலில் கண்ணில் படுகிறது.

ஜிம் கார்பெட்டை எடுத்துக்குவோம். 1907இல் சம்பாவத் பெண்புலியைக் கொன்றதற்காக, ஐக்கிய மாகாணத்தின் துணைநிலை ஆளுநர் ஹியூவெட் அவருக்குப் பரிசாகக் கொடுத்தது லண்டன் ரிக்பி கம்பெனியின் .275 ரைஃபிள். உள்ளே இருப்பது ராணுவத்துக்காக உருவான மவுசர் அமைப்பு. தோட்டாவும் மவுசரின் 7 மி.மீ. தோட்டாதான், ரிக்பி பெயரை மாற்றிக்கொண்டது. ராணுவச் சாமான் கனவான்களின் வேட்டைச் சாமான் ஆன கதைக்கு நல்ல உதாரணம். வேடிக்கை என்னன்னா, அந்தப் புலியின் கதை முடிந்த இடத்தில் நேர்த்தியான ரைஃபிள் எதுவும் இல்லை. கையிலிருந்த தோட்டா தீர்ந்துபோய், தாசில்தாரின் ஷாட்கன்னை வாங்கி வந்துதான் கார்பெட் கடைசிக் குண்டைச் சுட்டார்.

செத்த புலியைப் பார்த்தால், வலப்பக்கத்துக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. பழைய குண்டுக் காயம். அதனால் வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல் ஆட்கொல்லி ஆனது என்பது கார்பெட்டின் முடிவு. சரி, அந்த முதல் குண்டைச் சுட்டது யார்? எதற்காகச் சுட்டார்? புத்தகம் அந்தப் பக்கம் போவதே இல்லை. புலியை முடித்தவருக்குக் கிடைத்த துப்பாக்கிக்குக் கம்பெனி, காலிபர், வெள்ளித் தகடு எல்லாம் உண்டு. புலியைக் காயப்படுத்திய துப்பாக்கி ஊர் பேர் இல்லாதது.

கென்னத் ஆண்டர்சன் இந்த விஷயத்தில் எவ்வளவோ பரவாயில்லை. சின்னாற்றுப் பக்கத்து பைரா பூசாரி அவர் எழுத்தில் திருட்டு வேட்டைக்காரர், கூடவே நண்பர். முகமும் பேச்சும் உள்ள மனுஷன். ஆனாலும் கதை சொல்கிறவர் வின்செஸ்டர் வைத்திருப்பவர்தான்.

நம்ம கல்வராயன் மலைக்கு வருவோம். இங்கே மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை, கேழ்வரகு, மரவள்ளி போடுகிறார்கள். கொல்லைக்குள் காட்டுப்பன்றி இறங்குகிறது. நாட்டுத் துப்பாக்கி இந்த வாழ்க்கையோடு ஒட்டிய சாமான்: ஒற்றைக் குழல், வாய்ப்பக்கமாகக் கருமருந்தும் பால்ரஸ் குண்டும் போட்டு இடிக்கணும். இதைப் பற்றி நமக்கு வாசிக்கக் கிடைப்பதெல்லாம் 'உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி பறிமுதல்' என்ற நாலு வரிச் செய்தி. செய்தவரின் கைவேலையைப் பற்றி ஒரு சொல் இருக்காது. நான் இதைப் புகழ வரவில்லை. குறி தப்பும், மிருகம் காயத்தோடு ஓடும், இருட்டில் பன்றி என்று நினைத்து ஆளையே சுட்ட சம்பவங்களும் உண்டு. அந்த ஆபத்தையும் சேர்த்து எழுதலாமே என்பதுதான் என் கேள்வி.

சட்டம் எல்லா மலைக்கும் ஒன்றுதானே என்று கேட்பீர்கள். குடகு மலையில் கொடவர்களுக்குத் துப்பாக்கி உரிமம் எடுப்பதிலிருந்து விலக்கு பிரிட்டிஷ் காலத்திலிருந்தே உண்டு. 2019இல் மத்திய அரசு அதை இன்னும் பத்து வருஷத்துக்கு நீட்டித்தது. அங்கே அது பாரம்பரியம். இங்கே மலையாளிகளிடம் பொங்கலை ஒட்டிய பாரிவேட்டை வழக்கம் இருந்தாலும், துப்பாக்கி வெறும் வழக்கு எண்தான்.

உரிமத்தோடு வாங்கக்கூடிய இந்திய ரைஃபிள் .315. ராணுவத்தின் .303 தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசு தடை போட்டதால், அதே லீ-என்ஃபீல்டு அமைப்பில் வேறு தோட்டாவுக்காக வந்த துப்பாக்கி இது. இஷாப்பூர் தொழிற்சாலையின் தயாரிப்பு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகும் அதன் பெயர் 'ஸ்போர்ட்டிங் ரைஃபிள்'. யாருக்கு என்ன ஸ்போர்ட்டோ!

பன்றிப் பிரச்சினைக்குத் தமிழக அரசு 2025 ஜனவரியில் ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கி.மீ.க்கு அப்பால் என்றால் வனத்துறையே சுடும். வெள்ளிமலையைச் சுற்றிக் காட்டிலிருந்து 3 கி.மீ. தள்ளி எத்தனை மரவள்ளிக் கொல்லை இருக்கும் என்று வரைபடத்தைத் திறந்து நீங்களே தேடிப் பாருங்கள்.