லினக்ஸ் வழிவிடும் நொடி

ஷார்ப்பின் ஸாரஸ் வரிசைக் கையடக்கக் கணினியான சி3100-இன் மூடியைத் திறந்து உயிர் கொடுத்தால் முதலில் எழுவது ஷார்ப் போட்டு அனுப்பிய பழைய 2.4 லினக்ஸ்தான். வரிகள் ஓடும். நடுவில் எங்கேயோ, சொல்லாமல் கொள்ளாமல் அது நின்றுவிடும். அடுத்து 'பூட்>' என்று ஒரு குறி. என்டர் தட்டினால் ஓபன்பிஎஸ்டி என்ற வேறு இயக்கமுறை. பல வருஷமாகப் பார்த்தும் இந்த இடம் எனக்கு அலுக்கவில்லை.

"கடைசியில் லினக்ஸ் தயவில்தானே பூட் ஆகிறது?" என்று கேலி செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அதுதான் அதன் அழகு. செய்தவர்கள் ஃபிளாஷில் இருந்த லினக்ஸை அழிக்கவே இல்லை. இசட்பிஎஸ்டிமாட் என்ற ஒரு சின்ன மாட்யூல் லினக்ஸ் கெர்னலுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. இசட்பூட் என்கிற பூட் லோடரும் லினக்ஸின் மேல் ஓடும் ஒரு சாதாரண நிரல்தான். அது மைக்ரோடிரைவிலிருந்து புதுக் கெர்னலை எடுத்துக் கொடுக்க, மாட்யூல் வாங்கி நினைவகத்தில் வைத்துவிட்டு அதற்குள்ளேயே குதித்துவிடும். லினக்ஸுக்கு விடைபெறக்கூட நேரம் கிடையாது. ஆனால் அதன் வீடு இடியவில்லை. ஃபிளாஷில் அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் வீட்டுக்காரரே வந்து பூட்டைத் திறந்து, குடித்தனக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவதுபோல.

மற்ற மாற்று இயக்கமுறைகள் எல்லாமே வீட்டை இடித்துக் கட்டுகிற வேலை. அதன் சுகமும் எனக்குத் தெரியாததல்ல. ஓகே பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுப்பினால் வருமே, அந்த ஜப்பானிய மெனு! ஒரு எழுத்து புரியாது. ஆனாலும் விரல் தானாகப் போகும்: 4, பிறகு சிஎஃப் கார்டு என்றால் 2, எஸ்டி என்றால் 3, பிறகு ஒய். சார்ஜர் செருகாமல் இருந்தால் ஒரு வேலையும் நடக்காது. அந்த மெனு, கார்டில் இருக்கும் அப்டேட்டர் ஸ்கிரிப்டை ரூட் அதிகாரத்தோடு அப்படியே ஓட்டிவிடும். நீ யார், எங்கிருந்து வந்தாய் என்று கேட்பதில்லை. ஷார்ப் யோசித்துத்தான் விட்டதோ, அசந்து விட்டதோ, ஓபன்ஸாரஸ், காக்கோ, பிடிஏ எக்ஸ்ராம் எல்லாமே அந்தத் திறந்த கதவு வழியாக உள்ளே வந்தவைதான்.

காக்கோ ரசிகர்களோடு எனக்குப் பெரிய தகராறு இல்லை. ஷார்ப் கொடுத்த க்யூடோப்பியா முகப்பை அதன் போக்கிலேயே விட்டு, தூசி தட்டி, விடுபட்டதைச் சேர்த்துக் கொடுத்தார்கள். நாட்குறிப்பும் முகவரிப் புத்தகமும் வேண்டியவருக்கு அதைவிட வேறில்லை. பிடிஏ எக்ஸ்ராம் பக்தர்களோடுதான் கொஞ்சம் உரசல். 3.7 அங்குலத்தில் 640×480 புள்ளிகள் கொண்ட அந்தத் திரையில் எக்ஸ் விண்டோ ஓடுகிறது என்பதே அன்றைக்கு ஒரு போதை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 64 எம்பி நினைவகத்தில் முழு மேசைக் கணினியின் வேஷம் கட்டினால் இரண்டாவது ஜன்னலிலேயே மூச்சு வாங்கும். ஓபன்பிஎஸ்டியிலும் எக்ஸ் ஓடும். ஆனால் ஓடித்தான் தீர வேண்டும் என்று அது அடம் பிடிப்பதில்லை. கறுப்புக் கன்சோல், கட்டைவிரலுக்கு அளவான விசைகள், விஐ. அதற்கு மேல் அந்தக் கையகலத்தில் என்ன வேண்டும்?

என்னை நிரந்தரமாகக் கட்டிப்போட்டது இன்னொரு விஷயம். ஓபன்பிஎஸ்டிக்காரர்கள் ஒரு வன்பொருளை ஏற்றுக்கொண்டால் அது தன்னைத் தானே கம்பைல் செய்துகொள்ள வேண்டும். பெரிய இயந்திரத்தில் சமைத்துக் கொண்டுவந்து இங்கே பரிமாறுவதில்லை. 2005 மே மாதம் 3.7 வெளியீட்டில் ஸாரஸ் சேர்ந்தபோது அதற்கும் அதே சட்டம்தான். அதனால் இதில் இருப்பது சர்வரில் ஓடுவதன் வெட்டிக் குறைத்த பதிப்பல்ல. அதே மேன் பக்கங்கள், அதே பிஎஃப் தீயரண், அதே பிடிவாதம். அகிஹபராவின் பழைய சாமான் கடை ஒன்றில் வாங்கிய என் சி3100-இல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு 'மேக் பில்ட்' கொடுத்துவிட்டுத் தூங்கப் போனேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை மைக்ரோடிரைவ் கிணுகிணுத்துக்கொண்டே இருந்தது. கீழ்ப்பாகம் இளஞ்சூடாக இருந்தது. 416 மெகாஹெர்ட்ஸ் சில்லு தன் இயக்கமுறையைத் தானே நெய்து போட்டுக்கொள்கிறது! அந்த இரண்டு நாளும் நான் அதைக் கையில் எடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓபன்ஸாரஸைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம். எனக்கு அகரம் கற்றுக் கொடுத்ததே எஸ்எல்-5500-இல் போட்ட ஓபன்ஸாரஸ்தான். அதில் 64 எம்பியை எப்படிப் பங்கு போடுவது என்பதைக் கெர்னலைத் தேர்ந்தெடுக்கும்போதே முடிவு செய்ய வேண்டும்: கோப்புகளுக்குப் பாதி, நிரல்களுக்குப் பாதி என்றால் 32-32, முழுவதும் நிரல்களுக்கே என்றால் 64-0. சொத்துப் பிரிப்பது மாதிரி. ஒருமுறை 64-0 கெர்னலை ஏற்றிவிட்டு, சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போயிற்று என்று அரை மணி நேரம் தேடியிருக்கிறேன். அந்தப் பங்காளிச் சண்டையில் படித்த பாடம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கவில்லை.

ஓபன்ஸாரஸ் 2007-இல் கடையைக் கட்டி ஆங்ஸ்ட்ராமுக்கு வழிவிட்டது. ஆனால் அதன் அடுப்படி அணையவில்லை. இத்தனை விதமான கையடக்கக் கணினிகளுக்கும் ஒரே சமையல் குறிப்புகளிலிருந்து இமேஜ் இறக்க வேண்டும் என்ற தேவையில் 2003-இல் பிறந்ததுதான் ஓபன்எம்பெடட். பிட்பேக் அங்கிருந்து வந்தது. பிறகு போக்கி, பிறகு 2010-இல் யாக்டோ. இன்றைக்கு எல்ஜி தொலைக்காட்சியின் வெப்ஓஎஸ்ஸைத் தோண்டினாலும் அடியில் இந்த வம்சம் தட்டுப்படும். அதில் வேலை செய்யும் இளைஞர்களிடம் ஸாரஸ் என்று சொல்லிப் பார்த்தேன். ஏதோ டைனோசர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

என் ஆற்றாமை இதுதான். கையடக்க லினக்ஸ் இப்போது மலிந்து கிடக்கிறது. கடைத்தெருவில் வாங்கும் ரெட்ரோ விளையாட்டுக் கருவிகள் பெரும்பாலானவற்றின் உள்ளே லினக்ஸ்தான். அவற்றுக்கும் மாற்று இயக்கமுறைகள் வரிசைகட்டி நிற்கின்றன. போட்டுப் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி: ஒரு மெனு, படப் பட்டியல், எமுலேட்டர். தோல்தான் மாறுகிறது, ஆள் மாறுவதில்லை. எழுதவும் திருத்தவும் ஒரு விசைப்பலகை இல்லாத கருவிக்கு எந்த இயக்கமுறையைப் போட்டு என்ன? நோக்கியா என்900 நண்பர்கள் இங்கே கை தூக்குவார்கள். 2009-இல் வந்த அதற்கு இன்றும் மாயேமோ லெஸ்டே இருக்கிறது, டெவுவான் மேல் நிற்கிறது, மரியாதைக்குரிய உழைப்பு. ஆனால் அது அடிப்படையில் போன். மூடியைத் திருப்பிப் படுக்கவைத்தால் பலகையாகிற ஸாரஸின் அந்தக் கீல் அதில் எங்கே?

ஓபன்பிஎஸ்டியின் ஸாரஸ் கிளையை 2016-இல் வெட்டிவிட்டார்கள். நியாயம்தான், தன்னைத் தானே கம்பைல் செய்ய வேண்டும் என்ற சட்டம் இருந்தால், ஒருநாள் மூல நிரல் பெருத்து இயந்திரம் தாங்காமல் போகத்தான் செய்யும். லினக்ஸ் கெர்னலில் மட்டும் நாய்கள் கொஞ்ச காலம் காவல் இருந்தன. இந்தக் கருவிகளுக்கு இட்ட செல்லப் பெயரெல்லாம் நாய் இனங்கள் அல்லவா: 5500 காலி, 5600 பூடில், சி700 கார்கி, 6000 டோசா, சி1000 அகிடா, சி3000 ஸ்பிட்ஸ். 2023-இல் 6.3 கெர்னல் வந்தபோது கார்கி, பூடில், டோசா மூன்றையும் நீக்கிவிட்டார்கள். ஸ்பிட்ஸ் தப்பித்தது. என் சி3100-இன் பெயர் போர்சாய். ஸ்பிட்ஸின் கோப்பிலேயே ஒண்டிக்கொண்டு அதுவும் தப்பித்துவிட்டது.