முறுக்கில் மூன்று உகரம்

"இந்த லோகோ மாதிரியே ஒரு ஃபாண்ட் வேணும்." தைப்பூசம் நெருங்கினால் பத்துமலைக் கடைக்காரர்கள் பலர் கேட்பது இதைத்தான். லோகோ கையால் வரைந்தது, துள்ளுகிற எழுத்து.

இலவசமாகக் கிடைப்பவற்றில் இரண்டு பக்கத்தில் வரும். ஏக் டைப் குழுவின் 'பலூ தம்பி' கொழுகொழுவென்று, முனை மழுங்கி இருக்கும். இலங்கையின் தாரிக் அஸீஸ் வரைந்த 'கவிவாணர்' கையெழுத்துபோலச் சாய்ந்து ஓடும். இரண்டுமே நல்ல வேலை. ஆனாலும் லோகோவின் குறும்பு இவற்றில் வராது.

'முறுக்கு' என்று எழுதிப் பாருங்கள். மு, று, கு: மூன்று உகரம், மூன்றும் வேறு வடிவம். கையால் வரைகிறவர் கடைசி கு-வை இழுத்துப் பலகாரம்போலவே சுற்றிவிடுவார். பக்கத்தில் என்ன இருக்கு என்று அவருக்குத் தெரியும். எழுத்துருவில் அதே கு எந்தச் சொல்லிலும் உட்கார வேண்டும், அதனால் அடக்கமாகத்தான் இருக்கும். பக்கத்து எழுத்தைப் பார்த்து மாறும் மாற்று வடிவங்களை ஓப்பன்டைப்பில் சேர்க்கலாம். ஆனால் தமிழில் உகர, ஊகார உயிர்மெய்களே 36. அவற்றுக்கு மேல் மாற்றுகளும் என்றால் யார் கூலி கொடுப்பது?

முத்து நெடுமாறனின் 'இணைமதி' ஆப்பிள் கணினியோடே வருகிறது. வாசிக்கும் எழுத்துக்கு இந்த நாடு நிறையவே செய்திருக்கிறது. விளையாடும் எழுத்தை மட்டும் ஏன் ஓசியில் தேடுகிறோம்? விலைப்பட்டியலுக்குப் பலூ தம்பி போதும். கடைப் பெயரை, காசு கொடுத்து, ஒரு கையிடம் கேளுங்கள்.