சொல்லுக்கு ஏலம்: ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரு பார்வை

சிறுபத்திரிகையின் பின்னட்டையில் ஜவுளிக்கடை விளம்பரம் வரும். கடைக்காரர் நண்பராக இருப்பார். உள்ளே என்ன அச்சாகியிருக்கு என்று புரட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். அவருடைய அந்த அலட்சியம் எழுதுகிறவனுக்கு ஒருவகைச் சுதந்திரமாக இருந்தது. இணையத்தில் அது போயிடுச்சு. கூகுள் 2003இல் கொண்டுவந்த ஆட்சென்ஸ் முறையில் நம் பிரதியை விளம்பர இயந்திரமும் வாசிக்கிறது. என்னென்ன சொற்கள், எதைப் பற்றிய பக்கம் என்று கணித்து, அதற்குப் பொருந்தும் விளம்பரதாரர்களிடையே ஏலம் நடத்துகிறது. ஜெயித்தவர் விளம்பரம் பக்கத்தில் ஏறும். வாசகர் அதைச் சொடுக்கினால் காசு என்றிருந்தது. அதில் 68 சதவீதம் தளம் நடத்துபவருக்கு என்று 2010இல் கூகுள் வெளிப்படுத்தியது. 100 டாலர் சேரும்வரை கைக்கு ஒன்றும் வராது.

தமிழ் இந்த ஏலத்துக்குத் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. இந்திக்கு 2014, வங்காளத்துக்கு 2017, தமிழுக்கு 2018 பிப்ரவரி. இதை மொழிக்குக் கிடைத்த அங்கீகாரம் என்று எடுத்துக்கொள்வது எளிது. ஆனால் அங்கீகாரம் பெற்றது தமிழ் வாசிக்கிறவரின் வாங்கும் சக்தி. வெகுசன ஊடகம் விளம்பரதாரருக்கு விற்கும் சரக்கு பார்வையாளர்களே என்று டல்லஸ் ஸ்மைத் 1977இல் வாதிட்டார். கிளிக் முறை அந்தச் சரக்கைச் சொல் சொல்லாக எடைபோட்டது.

இதை ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தடத்தில் வைத்துப் பார்ப்போம். 'ஸ்ரீபெரும்புதூர்' என்ற சொல் இரண்டு கட்டுரைகளில் வருகிறது என்று கொள்வோம். ஒன்று மனை, வீட்டுக்கடன் பற்றியது. மனை விற்பவர், வங்கி எல்லாரும் ஏலத்துக்கு வருவார்கள். மற்றது, 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு நஞ்சாகி, பாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்ததைப் பற்றியது. அல்லது 2024 செப்டம்பர் 9இல் தொடங்கி 37 நாள் நடந்த சாம்சங் வேலைநிறுத்தம் பற்றியது. ஒப்பந்தத் தொழிலாளி, சங்கப் பதிவு, ஷிப்ட் பஸ் – இந்தச் சொற்களை யார் ஏலம் கேட்பார்? துயரமும் மோதலும் உள்ள பக்கங்களில் தம் விளம்பரம் வராமல் விலக்கிக்கொள்ளும் வசதியும் விளம்பரதாரருக்கு உண்டு. இல்லையென்றால், வேலைநிறுத்தச் செய்திக்குக் கீழேயே பிரிட்ஜ் விளம்பரம் வரலாம். அந்த ஆலையில் செய்வது அதைத்தானே! இயந்திரத்துக்கு இதில் எந்த முரணும் தெரியாது.

இங்கே தணிக்கை அதிகாரி கிடையாது. எழுதாதே என்று யாரும் மிரட்டவில்லை. எந்தப் பக்கம் எவ்வளவு ஈட்டுச்சுன்னு கணக்கு வருது. அடுத்த மாசம் எதைப் பத்தி எழுதலாம்னு அந்தக் கணக்கே சொல்லிக்கொடுக்குது. விலை ஆசிரியராகிவிடுகிறது.

தொழிற்சாலை தெரிந்தவர்களுக்கு இது பழகிய விஷயம்: பீஸ் ரேட். உருப்படிக் கூலியில் மேஸ்திரியின் கண்காணிப்பு பெருமளவு தேவையற்றுப்போகிறது என்று 'மூலதனம்' முதல் பாகத்தில் மார்க்ஸ் விளக்குகிறார். ஆனால் உருப்படிக்கு என்ன கூலி என்றாவது அங்கே முன்கூட்டித் தெரியும். தளம் நடத்துபவருக்கு ஒரு கிளிக்கின் விலை ஏலம் முடியும்வரை தெரியாது. கிளிக் செல்லாது என்று தீர்ப்புச் சொல்வதும், கணக்கை மூடுவதும் பணம் கொடுக்கும் அதே நிறுவனம். 2023 நவம்பரில் கூகுள் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 2024 தொடக்கத்தில், சொடுக்குக்குப் பணம் என்பது போய், விளம்பரம் காட்டப்படும் எண்ணிக்கைக்குப் பணம் என்றானது. கூலியின் அலகு மாறியது. ஏலம் அப்படியே இருக்கிறது.

விளம்பரமே தீட்டு என்பது என் வாதமல்ல. சர்வர் வாடகையும், செய்தி சேகரிக்கப் போகிறவரின் பஸ் காசும் எங்கிருந்தோ வந்தாக வேண்டும். சாம்சங் தொழிலாளர்கள் கேட்டவற்றில் முதன்மையானது தம் சங்கத்துக்கு அங்கீகாரம். அதாவது, கூட்டாகப் பேரம் பேசும் உரிமை. அவர்களைப் பற்றி எழுதும் தமிழ்த் தளங்களோ ஆளுக்கொரு கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, போட்டதை வாங்கிக்கொள்கின்றன. சந்தா, தளங்கள் சேர்ந்து நேரடியாகப் பேசி வாங்கும் விளம்பரம், தொழிற்சங்கங்களின் பங்களிப்பு – இவற்றை முயன்று பார்த்தாக வேண்டும். யாரும் ஏலம் கேட்காத சொற்களைத் தொடர்ந்து எழுத வேறு வழி தெரியவில்லை.