பாலையும் அரூப ஓவியமும்

அரூப ஓவியம் தமிழ் மரபுக்கு அயலானது என ஒதுக்குவாரும், நிலையாமைத் தத்துவத்தின் வடிவமே அஃது எனப் போற்றுவாரும் என இரு திறத்தார் நம்மிடையே உளர். முன்னவர் படத்தைக் காணாமலே விலகுகின்றனர். பின்னவர் காண்பதற்கு முன்பே பொருள் கூறிவிடுகின்றனர். இவ்விரண்டிடை நின்று, கே. எம். ஆதிமூலத்தின் நிலவெளி ஓவியங்களைப் பொருளிலக்கணத்தின் துணைகொண்டு ஆராய்வோம். உரைகல்லாக அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதிக் கரிசல் நிலத்தைக் கொள்வோம்.

ஆதிமூலம் 1938இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திற் பிறந்தவர், சென்னைக் கவின்கலைக் கல்லூரியிற் பயின்றவர், 2008இல் மறைந்தார். கரிசல் அவர் பிறந்த மண் அன்று. ஆயினும் கி. ராஜநாராயணன் ஜூனியர் விகடனில் எழுதிய ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு அவர் வரைந்த கோட்டோவியங்கள் அம்மண்ணோடு அவர் பெயரைப் பிணைத்துவிட்டன. காந்தியடிகளை வரைந்த கோடுகளால் முன்பே புகழெய்திய அவர், பிற்காலத்தில் உருவத்தை விடுத்து, எண்ணெய் வண்ணத்தில் அகன்ற வெளிகளைத் தீட்டலானார். அப்படங்களில் மரம் இல்லை, மாந்தர் இல்லை; வானும் மண்ணும் பிரியும் கோடுதானும் பலவிடத்து இல்லை.

இவ்வின்மையே பலர்க்கு இடர். பொருளிலக்கணம் பயின்றார்க்கு இஃது இடராதல் வேண்டுவதில்லை. முதல், கரு, உரி என்னும் மூன்றனுள் கருப்பொருளை நீக்கி, நிலமும் பொழுதுமாகிய முதற்பொருளை மட்டும் நிறுத்தினால் எஞ்சுவது யாது என்பதே அவ்வோவியங்கள் எழுப்பும் வினா. தொல்காப்பியர் பாலைக்குத் தனிநிலம் வகுத்திலர். நண்பகலும் வேனிலும் பின்பனியுமாகிய பொழுதையே வகுத்தார். முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் திரிந்து பாலையாகும் என்பது இளங்கோவடிகள் கருத்து. எனவே பாலை என்பது ஓரிடம் அன்று. ஓரிடத்தின்மேற் காலம் செய்த வேலை.

கரிசலைக் கண்டார்க்கு இஃது எளிதின் விளங்கும். ஐப்பசி மழையில் நீருண்டு பருத்துக் காலைப் பற்றி இழுக்கும் அக்களிமண், சித்திரையிற் சுருங்கிக் கை நுழையுமளவு வெடிக்கும். அடுத்த மழையில் வெடிப்பெல்லாம் மூடிக்கொள்ளும். மறுகோடையில் தோன்றுவன வேறு கோடுகள். திருச்சுழியை ஒட்டிச் செல்லும் குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். வெள்ளம் வந்துபோன தடம் அம்மணலிற் சில நாள் நிற்கும். பின் காற்று அதனையும் அழிக்கும். (சீமைக்கருவேல் இடங்கொள்ளாதவிடத்துத்தான் இன்று அதனையும் காணவியலும்.) ஊழிவெள்ளத்தை இறைவன் நிலத்திற் சுழித்துப் புகச் செய்தமையாற் சுழியல் எனப் பெயர் வந்தது என்று தலபுராணம் கூறும். பெயர்க்காரணம் எதுவாயினும் ஆகுக. நீர் போன பின்னும் நீரின் வடிவம் ஊர்ப்பெயராய் நிற்கின்றது.

இந்நிலத்தை மனத்திற்கொண்டு நோக்குங்கால், ஆதிமூலத்தின் வண்ணப் பரப்புக்களில் நிலம் பொழுதின் பதிவாகவே நிற்பது புலனாகும். ஒரு வண்ணத்தின்மேல் மற்றொன்று ஏறி, அடியிலுள்ளது ஆங்காங்கே தெரிய நிற்கும் முறை, திரிதலைக் காட்டும் முறையே. இதனை நிலையாமை என உடனே பெயரிடுதல் பொருந்தாது. தொல்காப்பியர் நிலையாமையைக் காஞ்சியில் வைத்தார். ஆண்டு இழப்போர் உளர், இரங்குவோர் உளர். இவ்வோவியங்களில் இழப்பதற்கு ஆளில்லை. திரிபு வேறு, நிலையாமை வேறு.

குறை தோன்றுவதும் ஈண்டே. பாலைக்குரிய உரிப்பொருள் பிரிவு. மழை பொய்த்த ஆண்டிற் கரிசல் மக்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு பிழைப்பிற்குச் செல்லுதல் அப்பிரிவின் இற்றைநாள் வடிவம். ஆதிமூலத்தின் வண்ணங்களோ பலவிடத்தும் இனிமை மிக்கன. அவ்வெறுமையை அவை தாங்கா. கருப்பொருளை நீக்கப் புகுந்தவர் உரிப்பொருளையும் உடன் நீக்கிவிட்டாரோ என்னும் ஐயம் சில படங்களின் முன் எழாமற் போகாது. கடுதாசிக்கு வரைந்த படங்களில், இதழ்த் தாளில் அச்சேறிய கரிய மைக்கோடு ஒன்றே அச்சுமையைத் தாங்கியது. இவ்விரண்டனுள் யாம் கோட்டோவியத்தையே மேலாகக் கொள்வோம். மாறுபடுவார் மூலப்படங்களின் முன் நின்று மாறுபடுக.