ஜீப் முன்சக்கர நட்டு: கைப்பழக்கமும் கணக்கும்

பழைய ஜீப்பின் முன்சக்கரம் கழன்று ஓடாமல் இருப்பது இரண்டு நட்டுகளின் புண்ணியத்தில். ஆக்சில் ஷாஃப்ட் சக்கரத்தைச் சுழற்றுவதோடு சரி. வண்டியின் பாரம் அதன்மேல் இறங்குவதில்லை. ஷாஃப்ட்டைச் சுற்றி நிற்கும் குழல் போன்ற ஸ்பிண்டிலில் இரண்டு கூம்பு பேரிங்குகள், அவற்றின்மேல் ஹப். உள்நட்டு பேரிங்கின் இறுக்கத்தை நிர்ணயிக்கிறது. வெளிநட்டு அதைப் பூட்டுகிறது. நடுவில் ஒரு லாக் வாஷர். வில்லிஸ் ஜீப்பில் இருந்த இந்த அமைப்பு, அதன் வழிவந்த மஹிந்திரா வண்டிகளோடு நம் மலைப்பாதைகளுக்கும் வந்து சேர்ந்தது.

மாட்டும் முறை எளிது. ஹப்பைச் சுழற்றிக்கொண்டே உள்நட்டை இறுக்கு. சக்கரம் பிடிக்கத் தொடங்கியதும் கொஞ்சம் தளர்த்து. வாஷரைப் போட்டு வெளிநட்டை முடுக்கி, வாஷரின் நாக்கை நட்டின்மேல் மடக்கு. வில்லிஸ் கையேடு ஏறத்தாழ ஆறில் ஒரு சுற்று தளர்த்தச் சொல்கிறது. பின்னர் வந்த டானா 44 ஆக்சிலுக்கு, 50 அடி-பவுண்டு இறுக்கிவிட்டுக் கால் சுற்று தளர்த்தச் சொன்ன கையேடுகளும் உண்டு.

இம்முறையின் முதல் பலம் வேலைப் பங்கீடு. ஒரே நட்டு அளவையும் காத்து, கழலாமலும் நிற்க வேண்டுமானால் இரண்டில் ஒன்று கெடும். இங்கே ஆளுக்கொரு வேலை. அடுத்த பலம், திரும்பத் திரும்பப் பிரிக்க முடிவது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறுவது போன்ற பாதைகளில் சேறும் தண்ணீரும் ஹப்புக்குள் புகுந்தால், கழற்றி, கழுவி, புது கிரீஸ் அடைத்து அன்றைக்கே வண்டியை அனுப்பிவிடலாம். சுழற்றிக்கொண்டே இறுக்குவதற்கும் காரணம் இருக்கிறது. உருளைகள் கோணலாக உட்கார்ந்திருந்தால் நட்டு இறுகிவிட்டதுபோல் கைக்குத் தோன்றும். நான்கு கிலோமீட்டர் ஓடியதும் அவை நேராகி, சக்கரம் ஆடத் தொடங்கும்.

சிக்கல் தளர்த்தும் இடத்தில் வருகிறது. அங்குலத்துக்கு 16 மரை உள்ள ஸ்பிண்டிலில் கால் சுற்று என்பது நட்டை சுமார் 0.4 மில்லிமீட்டர் பின்னுக்கு நகர்த்தும். இத்தகைய ஹப்புக்குப் பொதுவாக அனுமதிக்கப்படும் உச்ச ஆட்டமோ 0.010 அங்குலம், அதாவது 0.25 மில்லிமீட்டர். கணக்கு இடிக்கிறதே, மிச்சம் எங்கே போகிறது? ஒரு பகுதி, 50 அடி-பவுண்டில் நசுங்கிய பாகங்கள் பழைய நிலைக்கு விரிவதில் தீர்கிறது. மறுபகுதியை வெளிநட்டு எடுத்துக்கொள்கிறது. எந்த மரையிலும் சிறு இடைவெளி இருக்கும். வெளிநட்டு இறுகும்போது வாஷர் வழியே உள்நட்டை அந்த இடைவெளி அளவுக்கு பேரிங் பக்கம் தள்ளிவிடுகிறது.

ஆக, பூட்டத்தான் வந்த வெளிநட்டு அளவையும் மாற்றிவிடுகிறது. பங்கீடு முழுமையானதல்ல. உள்நட்டுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து, வெளிநட்டைக் குத்துமதிப்பாக முடுக்கினால், முதலில் பார்த்த அளவுக்கு மரியாதையே இல்லை. பட்டறைகளில் பரவலாகக் காணும் உளி-சுத்தியல் வைத்தியம் இதனால்தான் கெடுதல். நட்டின் விளிம்பு பிசிறுவதும், உலோகத் துணுக்கு கிரீஸில் விழுவதும் கண்ணுக்குத் தெரியும் சேதம். இடப்பக்கம் எத்தனை அடி, வலப்பக்கம் எத்தனை அடி என்று யாராலும் சொல்ல முடியாதது அதைவிடப் பெரிய சேதம். அளவான பாக்ஸ் ஸ்பேனர் ஒன்றும் கிடைக்காத பொருளல்ல.

கைப்பழக்கத்தின் பக்கமும் நியாயம் உண்டு. நன்றாகத் தேறிய கை, பேரிங்கில் மணல் கரகரப்பதை எந்த ரெஞ்சுக்கும் முன்னால் சொல்லிவிடும். ஆனால் கெட்டியான புது கிரீஸ் அதே கையை ஏமாற்றும். வெளிவளையம் ஹப்பில் முழுக்க உட்காராவிட்டாலும் ஏமாறும். அதிகம் இறுகினால் சூடேறி, கிரீஸ் உருகி, பேரிங் நீலம் பாரிக்கும். தளர்ந்தால் சீல் தேய்ந்து, கிரீஸ் பிரேக் ஷூவில் வழியும். லாக் வாஷரின் நாக்கை நிமிர்த்தி மறுபடி மடக்கும் சிக்கனமும் இந்தப் பட்டியலில் சேரும். ஒருமுறை மடங்கிய தகடு அடுத்த மடிப்பில் விரிசல் விடும்.

பழைய லேண்ட் குரூசரில் டொயோட்டா சொல்லும் வழி இங்கே பாடமாகிறது. இரட்டை நட்டு அதிலும் உண்டு. ஆனால் வீல் போல்ட்டில் சுருள்வில் தராசை மாட்டி இழுத்து, ஹப் எவ்வளவு விசையில் நகர்கிறது என்று பார்க்கச் சொல்கிறது. வெளிநட்டைப் பூட்டிய பிறகு இன்னொரு முறையும் பார்க்கச் சொல்கிறது. 1984 மாடல் செரோக்கி முதல் ஜீப்பில் நுழைந்த ஒற்றைத் தொகுதி ஹப் வேறு வழியைத் தேர்ந்தது: அளவு தொழிற்சாலையிலேயே முடிந்துவிடும், தேய்ந்தால் முழுசாக மாற்ற வேண்டியதுதான். தவறு செய்ய வழியில்லை; கழுவி கிரீஸ் அடைக்கவும் வழியில்லை. உதிரிபாகம் எளிதில் கிடைக்காத ஊர்களில் அது இழப்புதான்.

ஆகவே இரட்டை நட்டைக் கைவிட வேண்டியதில்லை. தளர்த்திப் பூட்டியதுமே வேலை முடிந்ததாக எடுத்துக்கொள்ளும் வழக்கத்தைத்தான் விட வேண்டும். வெளிநட்டுக்கும் கையேடு சொல்லும் டார்க். அதன் பிறகு ஹப்பில் டயல் கேஜ் வைத்து ஆட்டத்தைப் பார்ப்பது. அளவு தப்பினால் இரண்டையும் கழற்றி மறுபடி தொடங்குவது. அளவு நின்ற பிறகே வாஷர் நாக்கை மடக்குவது. கூடுதலாகும் நேரம் சக்கரத்துக்குக் கால் மணி. இரண்டு நட்டுகளை நம்பி மலையேறும் வண்டிக்கு அது அதிகமில்லை.