கியூ மேனேஜரை நிறுவுவதற்கு முன்

வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும், பல மென்பொருள்களை இணைக்கும் ஐ.பி.எம். இன்டக்ரேஷன் பஸ்ஸை நிறுவியவர்கள் பெரும்பாலும் முதலில், செய்திகளைக் கியூவில் வைத்து அனுப்பும் ஐ.பி.எம். எம்.க்யூவைப் போட்டுவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போவார்கள். 2013-இல் வந்த 9-ஆம் பதிப்பு வரை வேறு வழியும் இல்லை. பஸ்ஸை இயக்கும் நிரலான ப்ரோக்கர் ஒவ்வொன்றுக்கும், எம்.க்யூவின் கியூக்களை நடத்தும் கியூ மேனேஜர் ஒன்று, அதுவும் அதே சர்வரில் இருந்தாக வேண்டும். 2015-இல் வந்த 10-ஆம் பதிப்பு அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. வழக்கம் மட்டும் போகவில்லை. இதில் நியாயம் எவ்வளவு, வெறும் பழக்கம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நியாயம் கணிசமாகவே இருக்கிறது. பாலிசிதாரர் ஒருவர் இரவில் இணையதளத்தில் பிரீமியம் கட்டுகிறார். அந்த நேரத்தில் பாலிசிக் கணக்கு வைத்திருக்கும் சர்வரைப் பராமரிப்புக்காக நிறுத்தியிருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே நேரடி எச்.டி.டி.பி. அழைப்பு மட்டும் இருந்தால் பிழைச் செய்தி திரும்பி வரும். மறுபடி அனுப்புவதா வேண்டாமா என்பதை அனுப்பியவரே முடிவுசெய்ய வேண்டும். அனுப்பாவிட்டால் வரவு பதிவாகாது. முதல் அழைப்பு பாதி வேலையை முடித்திருந்தால், மறுபடி அனுப்பும்போது இருமுறை பதிவாகிவிடும். கியூ இருந்தால் செய்தி அங்கே காத்திருக்கும், கணக்குச் சர்வர் எழுந்ததும் எடுத்துக்கொள்ளும்.

இதைவிடப் பெரிய பலம் பரிவர்த்தனைக் கட்டுப்பாடு. கியூவிலிருந்து செய்தியை எடுப்பது, டேட்டாபேஸில் எழுதுவது, அடுத்த கியூவில் பதிலைப் போடுவது ஆகிய மூன்றையும் கியூ மேனேஜர் ஒரே வேலையாகக் கட்டி வைக்க முடியும். டேட்டாபேஸ் மறுத்தால் செய்தி பழைய இடத்துக்கே திரும்பிவிடும். இதை நேரடி அழைப்புகளை வைத்துக் கட்ட முயன்றவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். இன்னொரு தேவையும் உண்டு. ப்ரோக்கரில் செய்தி கடந்து போகும் படிகளுக்கு நோடுகள் என்று பெயர். பல பதில்களைச் சேர்த்து ஒன்றாக்கும் நோடுகளும், செய்திகளை வரிசைப்படுத்தும் நோடுகளும், டைமர் நோடுகளும் தங்கள் இடைக்கால நிலையைக் கியூக்களில்தான் சேமிக்கின்றன. 10-ஆம் பதிப்பிலும் அவற்றுக்கு அதே சர்வரில் கியூ மேனேஜர் வேண்டும்.

குறைகள் நிறுவும் முறையில் இருக்கின்றன. லினக்ஸில் வேலை எளிது. உரிமத்தை ஏற்று, தொகுப்புகளை ஏற்றினால் நிரல்கள் ஆப்ட் அடைவிலும் தரவு வார் அடைவிலும் போய் உட்காரும். கெர்னல் அளவுகள் போதுமா என்று பார்த்துச் சொல்லவும் ஒரு கருவி உண்டு. அதன்பின் ஒரே கட்டளையில் கியூ மேனேஜர் பிறந்துவிடும். பழைய பதிப்புகளில் ப்ரோக்கரை உருவாக்கும் கட்டளையே, கியூ மேனேஜர் இல்லையென்றால் அதையும் சேர்த்து உருவாக்கியது. யாரும் யோசிக்காமல், யாரும் பெயர் சொல்லிக் கேட்காமல், ஒரு நிறுவனத்தின் பணச் செய்திகள் தங்கும் இடம் டீஃபால்ட் அமைப்புகளோடு தயாராகிவிடும். இதைத்தான் நான் இந்த நடைமுறையின் அடிப்படைக் கோளாறு என்பேன்.

அந்த டீஃபால்ட்களைப் பாருங்கள். புதிதாக உருவாக்கிய கியூவில் செய்தியின் நிலைத்தன்மை 'இல்லை' என்றே இருக்கும். அனுப்பும் நிரல் தானே கேட்காவிட்டால் செய்தி லாக்கில் எழுதப்படாது. கியூ மேனேஜரை நிறுத்தி மறுபடி தொடங்கினால் காணாமல் போகும். செய்தி தொலையாது என்ற உறுதிக்காகவே வாங்கிய மென்பொருள், சொல்லாவிட்டால் அந்த உறுதியைத் தருவதில்லை. ஒரு கியூவின் கொள்ளளவு டீஃபால்டாக 5,000 செய்திகள். நிமிடத்துக்கு 50 செய்தி வரும் இடத்தில், எடுக்கிறவர் நின்றுபோனால் 100 நிமிடத்தில் நிரம்பிவிடும். இரவு முழுக்கத் தாங்கும் என்று நம்பிய கியூ நள்ளிரவுக்கு முன்பே கதவைச் சாத்திக்கொள்ளும். சேர்க்க முடியாத செய்திகள் போகவேண்டிய டெட் லெட்டர் கியூவோ உருவாக்கப்பட்டு நிற்கும், ஆனால் கியூ மேனேஜரோடு இணைக்கப்பட்டிருக்காது. அதைக் கட்டளையில் நாம்தான் குறிப்பிட வேண்டும். குறிப்பிடாவிட்டால், சேர்க்க முடியாத ஒரே ஒரு செய்தி, கியூ மேனேஜருக்குச் செய்திகள் வந்துபோகும் இணைப்பான சேனலையே நிறுத்திவிடக்கூடும்.

லாக் விஷயம் இன்னும் கவலைக்குரியது. டீஃபால்டாகக் கிடைப்பது, பழைய கோப்புகளின் மேலேயே திரும்ப எழுதும் சுழல் லாக். மின்சாரம் போய் வந்தால் மீண்டெழ அது போதும். ஆனால் கியூவின் கோப்பே பழுதானால், உள்ளே இருந்தவற்றை மீட்க, புதிய கோப்புகளில் தொடர்ந்து எழுதும் நேர்கோட்டு லாக் வேண்டும். எம்.க்யூவின் பிந்தைய பதிப்புகளில் ஒரு லாக் வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றத் தனிக் கட்டளை வந்தது. அதற்கு முன்பு கியூ மேனேஜரையே புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் உற்பத்திச் சூழலில் அதைச் செய்ய யார் அனுமதி தருவார்கள்? நேர்கோட்டு லாக்கும் இலவச நன்மை இல்லை. பழைய கோப்புகளை அகற்ற ஏற்பாடு செய்யாவிட்டால் வட்டு நிரம்பிக் கியூ மேனேஜரே நின்றுவிடும். ஆகவே எது வேண்டும் என்பதை, வட்டின் அளவையும் பராமரிக்கும் ஆளையும் வைத்து முதல் நாளே தீர்மானித்தாக வேண்டும்.

பாதுகாப்பில் பழி மென்பொருள் மேல் இல்லை. எம்.க்யூ 7.1 பதிப்பிலிருந்து புதிய கியூ மேனேஜர்கள் நிர்வாக அதிகாரம் உள்ள பயனர்களை வெளியிலிருந்து சேனல் வழியாக உள்ளே விடுவதில்லை. நல்ல காப்பு. ஆனால் அனுமதி இல்லை என்று சொல்லும் 2035 என்ற பிழை எண்ணைப் பார்த்ததும் பலர் செய்வது, விதியைப் புரிந்துகொண்டு வழி திறப்பதற்குப் பதில், சேனல் சோதனையையே அணைத்துவிடுவது. ப்ரோக்கரை ஓட்டும் பயனரை எம்.க்யூ.எம். குழுவில் சேர்ப்பதும் அதே அவசரம்தான். அந்தக் குழுவில் இருப்பவருக்குக் கியூ மேனேஜரின் முழு அதிகாரமும் உண்டு. சோதனைச் சூழலில் தற்காலிகமாகச் செய்தது அப்படியே உற்பத்திக்கும் போய்விடுகிறது.

கியூ தேவையே இல்லாத இடங்களும் உண்டு. வாடிக்கையாளர் திரை முன் காத்திருந்து இருப்புத் தொகை கேட்கிறார். முப்பது விநாடியில் பதில் வராவிட்டால் அவர் போய்விடுவார். கோரிக்கை மட்டும் கியூவில் கிடக்கும், ஏனென்றால் டீஃபால்டாகச் செய்திக்குக் காலாவதி கிடையாது. யாரும் கேட்காத பதிலைப் பின்னால் இருக்கும் சர்வர் பிறகு பாடுபட்டுத் தயாரிக்கும். இத்தகைய கேள்வி-பதில் சேவைகள் மட்டுமே ஓடும் தளத்தில் கியூ மேனேஜர் கூடுதல் சுமை. கண்காணிக்க ஒரு பொருள், திருத்தம் ஏற்ற ஒரு பொருள், கீழே விழுந்தால் ப்ரோக்கரின் நோடுகளையும் இழுத்துக்கொண்டு விழும் ஒரு பொருள். உரிமத்தோடு சேர்ந்தே வந்தது என்பது அதை நிறுவப் போதுமான காரணம் ஆகாது.

என் முடிவு இது. பணமோ, சரக்கோ, பதிவேடோ நகரும் பாதைகளில் கியூ மேனேஜர் இருக்கட்டும். அங்கே அதற்கு ஈடாக எளிய மாற்று இல்லை. ஆனால் நிறுவும் கட்டளையைத் தட்டுவதற்கு முன், நிலைத்தன்மை, கொள்ளளவு, டெட் லெட்டர் கியூ, லாக் வகை, பயனர் அதிகாரம் ஆகிய ஐந்துக்கும் பயன்பாட்டுக் குழுவும் நிர்வாகக் குழுவும் எழுத்தில் விடை தர வேண்டும். விடை தர ஆள் இல்லாத தளத்தில் நிறுவலைத் தள்ளிவையுங்கள்.