‘உள்நாட்டுத் தயாரிப்பு’: சொல்லும் பொருளும்

சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள இசைவை ஆராய்தல் தமிழாசிரியர் பணிகளுள் ஒன்று. அவ்வகையில், 2021ஆம் ஆண்டு முதல் நாளிதழ்களிலும் மேடைகளிலும் வழங்கிவரும் ‘உள்நாட்டுத் தடுப்பூசித் தயாரிப்பு’ என்னும் தொடர் ஆராயத்தக்கதாகும்.

அவ்வாண்டில் சினோவேக் என்னும் கொரோனாத் தடுப்பூசி பூச்சோங்கிலுள்ள பார்மாநியாகா ஆலையில் குப்பிகளில் நிரப்பப்பட்டது. மருந்து ஆக்கப்பட்டது சீனத்தில். அதனைத் தூய்மை கெடாமல் அளந்து, குப்பியிலிட்டு மூடியதே இங்கு நிகழ்ந்த பணி. அஃது எளிய பணியன்று. அதன் பயனும் சிறிதன்று. எனினும் நிரப்புதல் வேறு, ஆக்குதல் வேறு. பிறர் வடித்த சோற்றை இலையில் இடுவோரைச் சமைத்தவர் என்று யாரும் சொல்வதில்லை. சீனத்துச் சரக்கு வராதொழியின் இங்குள்ள பொறிகள் வாளா இருக்கவேண்டியனவே.

இஃது வீண் அச்சமன்று. 2021 மார்ச்சில் இந்தியாவில் நோய் பெருகியபோது, புனேயிலுள்ள சீரம் நிறுவனத்தின் ஏற்றுமதி தடைப்பட்டது. அதனையே நம்பியிருந்த ஆப்பிரிக்க நாடுகள் பல மாதங்கள் காத்துக்கிடந்தன. தன் மக்களை முதலில் காத்தல் எந்நாட்டிற்கும் இயல்பு. ஆயின், கொடுப்போர் நிலையைப் பொறுத்து அமையும் பங்கீடு நேர்மையான பங்கீடாகாது.

“சிறிய நாடு வாங்கிக்கொள்வதே சிக்கனம்” என்பர் சிலர். வாங்குதற்குப் பொருள் இருத்தல் வேண்டுமன்றோ? இதற்குப் பேராக் மாநிலமே சான்று. 1998 செப்டம்பரில், தாப்பாவிற்கு வடக்கே ஈப்போவை அடுத்த பன்றிப் பண்ணைகளில் ஒரு கொடுநோய் தோன்றிற்று. அதனை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதிக் கொசு மருந்து அடித்தனர். அந்நோய்க்குரிய தடுப்பூசியையும் போட்டனர். நோய் நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா கோ பிங் என்பார் புதியதொரு வைரஸைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பா என்னும் சிற்றூரின் பெயரே அதற்கு இடப்பட்டது. மலேசியாவில் நோயுற்றோர் 265 பேர். இறந்தோர் 105 பேர்.

கால் நூற்றாண்டு கடந்தும், மாந்தர்க்கென உரிமம் பெற்ற நிப்பாத் தடுப்பூசி இல்லை. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தார் ஆக்கிய ஊசி 2024இல்தான் மாந்தரிடத்தே முதன்முதலாக ஆய்வுக்கு வந்தது. செல்வ நாடுகளைத் தாக்காத நோய்க்கு மருந்து செய்வதில் வணிகருக்கு ஆதாயமில்லை. அந்நோய்க்கு ஆட்படும் நாடுகளே அம்முயற்சியை மேற்கொள்ளுதல் வேண்டும்.

அங்ஙனமாயின், ஆலை ஒன்றை எழுப்பிவிட்டால் போதுமோ? போதாது என்கிறது தமிழ்நாட்டின் பட்டறிவு. வெறிநாய்க்கடிக்கு மருந்து செய்துவந்த குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907இலும், கிண்டிக் காசநோய்த் தடுப்பூசி ஆய்வகம் 1948இலும் தோன்றின. நல்லுற்பத்தி நெறிகளுக்கு ஒவ்வாமையால் இவ்விரண்டின் உரிமமும், வடக்கே கசௌலி நிலையத்தின் உரிமமும் 2008 ஜனவரியில் நிறுத்திவைக்கப்பட்டன. 2010இல்தான் அத்தடை நீங்கிற்று. செங்கற்பட்டில் பெரும்பொருள் செலவில் எழுந்த தடுப்பூசி வளாகமோ, 2021இல் கொரோனா உச்சத்தில் இருந்தபோதும் உற்பத்தியைத் தொடங்காமலே நின்றது. புதுப்பிக்கப்படாத ஆலையும் இயங்காத ஆலையும் இடுக்கண் வந்த வேளையில் உதவா.

நோயில்லாக் காலத்தும் இடையறாது இயங்குவதே ஆலைக்கு உயிர். 1890இல் தோன்றி, இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் இயங்கும் பயோ ஃபார்மா, போலியோ முதலிய நோய்களுக்குத் தடுப்பூசி ஆக்கிப் பல நாடுகளுக்கும் அனுப்பி வருகிறது. ஒரு நாட்டின் தேவை மட்டும் ஓர் ஆலையைத் தாங்காது. அண்டை நாடுகள் ஆக்கும் பணியைப் பகிர்ந்து, ஒருவர் ஆக்கியதை மற்றவர் வாங்குவதாக உறுதி செய்தால் தாங்கும்.

எனவே, ‘உள்நாட்டுத் தயாரிப்பு’ என்னும் தொடரைக் காணுந்தோறும் மூன்று வினாக்கள் எழுதல் வேண்டும். நோயை இனங்காணும் ஆய்வகம் இங்குளதா? மருந்தின் மூலம் இங்கு ஆக்கப்படுகிறதா? நோயில்லா ஆண்டிலும் ஆலை இயங்குமா? இம்மூன்றற்கும் ‘ஆம்’ என்னும் விடை கிடைக்கும்வரை, அதனை ‘உள்நாட்டு நிரப்பு’ என்றே வழங்குதல் நேர்மையாகும். மாணாக்கர்க்கு இவ்வேறுபாட்டை உணர்த்துதல் மொழிப்பாடமும் ஆகும், குடிமைப்பாடமும் ஆகும்.